ஆர்டர் வந்தாச்சு

இடது கை சுவரைத் தடவி ஆணித் துளையைத் தேடியது. வலது கையின் ஆள்காட்டி விரலில் பட்டாணி அளவு பற்பசை. துளை அகப்பட்டதும் பசையை வைத்து அழுத்தி, பழைய நூலக அட்டையின் விளிம்பால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. சுவர் சுவராகிவிட்டது. வெள்ளைப் பற்பசைதான் வேண்டும். நீலப் பசை காய்ந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். துளை பெரிதென்றால் முதலில் சோப்பைச் சீவித் திணித்து, அதன்மேல் பற்பசை. எல்லாம் காய்ந்தபிறகு வெள்ளை பெயிண்ட். கூடத்தில் ஒரு சுவர் மட்டும் பச்சையாக இருந்தது. நேற்று அதன்மேல் இரண்டு பூச்சு போட்டும் பச்சை இன்னும் லேசாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பூச்சு போட வேண்டும்.

கூரைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் தாழ்வாகப் போனது. கைகள் நின்றன. சத்தம் தேய்ந்து மறைந்தபிறகு மறுபடி துளையைத் தேடின.

நாளைக் காலை ரோவினா ஹாட்லி இந்த வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. போன வாரம்வரை தெரிந்திருந்தது.

எங்கள் கிலீன், படைமுகாமின் வாசலில் வளர்ந்த ஊர். டெக்சஸ் வெயிலில் ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும்; உள்ளே இருக்கும் ஆட்கள் மட்டும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாறுவார்கள். தெருமுனையில் வண்டியில் சாமான் ஏறாத வாரம் கிடையாது. அதனால் ரோ வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. "எங்க போட்டிருக்காங்க?" என்று கேட்டார்கள், "கொரியா" என்றாள், "நல்ல இடம்" என்றார்கள். அவ்வளவுதான்.

ரோ, சார்ஜென்ட் கர்ட் ஹாட்லியின் ஒரே மகள். ஜெர்மனியில் பிறந்து, கான்சஸில் நடக்கப் பழகி, வேறு இரண்டு முகாம்களில் பல் விழுந்து முளைத்தவள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் படைவீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் திணறுவார்கள். ரோ திணறமாட்டாள். பியோங்டேக் என்பாள். கொரியாவில், அவளுடைய அம்மா போக்சூனின் ஊர் அது. அங்கே அமெரிக்கப் படைமுகாம் வாசலுக்கு வெளியே, ஆன்ஜங்ரி கடைத்தெருவின் பின்சந்தில் வாடகை வீடு. ஒன்பது வயதில் அங்கே போனவள் பதினான்கு வயதில்தான் கிளம்பினாள். அப்பா இரண்டு முறை பணிக்காலத்தை நீட்டித்துக்கொண்டார்.

போக்சூனுக்கு ஒரு விதி உண்டு. ஒரு குளிர்காலம் முழுதாகக் கழியும்வரை எந்த வீட்டுச் சுவரிலும் ஆணி அடிக்கக்கூடாது. அடித்தால் மாற்றல் ஆர்டர் வந்துவிடும். மற்ற ஊர்களில் முதல் குளிர்காலம் முழுக்கப் படங்கள் தரையிலேயே சுவரில் சாய்ந்து நிற்கும். ஆணி அடித்த சில மாதத்தில் ஆர்டர் வந்துவிடும். ஆன்ஜங்ரி வீட்டில் மட்டும்தான் ஆணிகள் துருப்பிடிக்கும்வரை இருந்தன.

ஆர்டர் வருகிற நாளில் கர்ட் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து, மடித்த காகிதத்தை உப்புக் குப்பிக்கும் மிளகுக் குப்பிக்கும் நடுவில் செருகுவார். "ஆர்டர் வந்தாச்சு" என்பார். போக்சூன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோய் சுவரிலிருந்து முதல் படத்தைக் கழற்றுவாள். சோறு ஆறிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'ஏன்' கிடையாது, 'ஒருவேளை' கிடையாது. காரை விற்பார்கள். நாயை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். துளைகளை அடைத்து, அடுப்பின் உட்புறத்தைச் சுரண்டி, வீட்டை வெள்ளையாக்கி, அதிகாரியின் விரலில் தூசி ஒட்டாதபடி ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். போகிற இடத்தில் வேலையும் வீடும் பள்ளிக்கூடமும் காத்திருக்கும். ஒரு முறைகூட அது பொய்த்ததாக ரோ பார்த்ததில்லை.

கர்ட் ஓய்வுபெற்றது கிலீனில். அதன்பிறகு ஆர்டர் வரவில்லை. கிளம்பிக் கிளம்பியே வாழ்ந்த இரண்டு பேரால் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார முடியவில்லை. போக்சூன் ஆன்ஜங்ரிக்கே திரும்பிப் போனாள். முகாம் வாசலில் ஒரு தையல் கடையில் சீருடைகளுக்குப் பெயர்ப்பட்டை தைத்துக்கொண்டிருந்தாள். ரோ ஹெலிகாப்டர் பழுதுபார்க்கப் படித்து, கிலீன் விமானத்திடலில் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். சீருடை போடாமல் படைக்கு வேலை செய்கிறவர்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். கொரியாவிலும் அப்படி ஆட்கள் உண்டு. பியோங்டேக் முகாம் இப்போது பெரிய முகாம், திடல் நிறைய ஹெலிகாப்டர்கள். அங்கே ஒரு இடம் கிடைத்தால் அம்மாவோடு இருக்கலாம் என்று ரோ வருடக்கணக்கில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். கொரிய மொழியில் அவளால் சந்தையில் பேரம் பேச முடியும், அம்மாவோடு சண்டை போட முடியும். ஒரு விண்ணப்பத்தைப் படிக்க முடியாது. அந்த நாட்டில் அவளால் சோறு சம்பாதிக்கக்கூடிய ஒரே இடம் முகாமின் வேலிக்கு உள்ளேதான்.

போன வருடம் போக்சூனின் கண் கெட ஆரம்பித்தது. நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் தெரியும், பார்க்க நினைத்தது மட்டும் தெரியாது.

"உன் போட்டோவப் பாத்தா ரெண்டு காதும் தெரியுது. நடுவுல யாரோ புகை விட்ட மாதிரி இருக்கு" என்று போனில் சிரித்தாள். பஸ் நிறுத்தத்தில் பள்ளிப்பிள்ளைகளிடம் நம்பர் கேட்டு ஏறுவதாகச் சொன்னாள். கடையில் அவளுக்கு இப்போது தையல் இல்லை, பொத்தான் பிரித்துவைக்கிற வேலைதான். இந்த வருடத்துக்குள் முழுதும் மங்கிவிடலாம் என்றார் டாக்டர். அதற்குள் போய்ச் சேர வேண்டும், அம்மா தன் முகத்தை ஒரு முறையாவது கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் ரோவின் எண்ணம்.

மார்ச்சில் கிரேடி என்பவர் கூப்பிட்டார். கொரியாவில் ஹெலிகாப்டர் பராமரிப்புக்குப் போட்டி போடும் ஒரு கம்பெனியின் ஆள் பிடிக்கிறவர். இனிமையான குரல்.

"கான்ட்ராக்ட் எங்க கைக்கு வந்ததும் மே மாசக் கடைசியில நீங்க பியோங்டேக்ல இருப்பீங்க, ரோவினா. உங்க பேரையும் போட்டுத்தான் டெண்டரே அனுப்பிருக்கோம்."

அந்தப் பேச்சில் ரோ கேட்டது பின்பாதியைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னாள். கர்ட் பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார். முட்டி இரண்டும் போய்விட்டது, வாய் போகவில்லை.

"பியோங்டேக்பா. மே கடைசி."

கர்ட் முட்கரண்டியைக் கீழே வைத்தார். "ஆர்டர் வந்தாச்சா?"

ரோ உப்புக் குப்பியைப் பார்த்தாள். அது ஆன்ஜங்ரி மேசையில் இருந்த அதே குப்பி.

"வந்தாச்சுப்பா."

"கைல இருக்கா?"

"மெயில்ல இருக்கு."

"அப்ப எதுக்கு இன்னும் உக்காந்து தின்னுக்கிட்டிருக்க? எழுந்திரு. வண்டிய இந்த வாரமே வித்துடு. கடைசி வாரத்துல வித்தா தலையில மொளகா அரைச்சிடுவானுங்க."

அவருக்கு எவ்வளவோ நாளைக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது. பரணில் கிடந்த ஒட்டுநாடாவையும் பெட்டிகளையும் அவரே இறக்கினார். வீட்டுக்காரரிடம் ஒரு மாத அறிவிப்பு கொடுத்தாள் ரோ. வண்டியை ஒரு புதுச் சிப்பாய்க்கு விற்றாள். கடைசியாக விமானத்திடலில் வேலையை விடுவதாகச் சொன்னாள்.

அங்கே அவளுடைய மேற்பார்வையாளர் ஹெக்டர் ஓர்டாஸ். எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் வந்துடுச்சா?"

"வந்துடும்."

"வந்துடுமா? எருமையே வாங்கல, நெய்க்கு விலை பேசுற நீ."

"என் பேரப் போட்டு அனுப்பிருக்காங்க ஓர்டாஸ்."

"என் பேரையும்தான் மூணு கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினான். என் பேரு மட்டும் உலகம் சுத்திட்டு வந்துச்சு. வேலைய விடாத. ஒரு மாசம் லீவு போடு, பாத்துக்கலாம்."

"ஆர்டர் வந்தவ லீவு போட மாட்டா."

ஓர்டாஸ் துணியை மேசைமேல் எறிந்தார். "நீ பட்டாளத்துக்காரி இல்லம்மா. பட்டாளத்துக்காரன் மக. ரெண்டும் வேற. உனக்கு எவன் ஆர்டர் போடுறான்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரோவும் சிரித்தாள். அன்றைக்கே கருவிப்பெட்டியைச் சரிபார்த்து, ஒரு திருகாணிகூடக் குறையாமல் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

பியோங்டேக்கில் போக்சூன் சும்மா இருக்கவில்லை. இருபது வருடம் படைவீட்டில் குப்பை கொட்டியவள். ரோ போனில் ஆர்டர் என்றதும் செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியும். தன் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்த ரொட்டிக்கடைப் பையனைக் காலி செய்யச் சொன்னாள். புதுக் கட்டில் வாங்கிப் போட்டாள். ஜன்னல் பக்கம் தலை வைக்கிறாயா, கதவுப் பக்கமா என்று கேட்டு மூன்று நாள் தொடர்ந்து போன் செய்தாள்.

போன வியாழக்கிழமை மதியம், ரோ சமையலறைத் தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது கிரேடி கூப்பிட்டார். குரல் அதே இனிமை.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு ரோவினா. கான்ட்ராக்ட் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு."

"சரி. அந்தக் கம்பெனியில நான் யார்கிட்ட பேசணும்?"

"அவங்க இப்ப அங்க இருக்கற ஆளுங்களையே வச்சுக்கறாங்களாம். புதுசா யாரையும் எடுக்கல."

"அப்ப என் ஆர்டர்?"

"என்ன ஆர்டர்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. ரோ போனை வைத்துவிட்டு, பாதி சுற்றிய தட்டை முழுதாகச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் விமானத்திடலுக்குப் போனாள். அவள் இடத்தில் அலபாமாவிலிருந்து வந்த ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஓர்டாஸ் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "இடம் காலியானா மொதல்ல உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்றார். எருமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று ரோவுக்குத் தோன்றியது.

வீட்டுக்காரரிடம் மட்டும் அவள் போய்க் கேட்கவே இல்லை. ஹவாயிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் ஒரே அறையில் கிடந்தது. இரண்டு பெண் குழந்தைகள். ஓட்டல் அறையில் பெட்டிமேல் உட்கார்ந்து, மின்னடுப்பில் நூடுல்ஸ் கிண்டித் தின்றுகொண்டு, புது வீடு எப்போது காலியாகும் என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று ரோவுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

கடைசித் துளையையும் அடைத்து முடித்தபோது கர்ட் வந்தார். கையில் அடுப்பு சுத்தம் செய்கிற மருந்து, ஒரு பிளேடு. நேராகச் சமையலறைக்குப் போய் முட்டியை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து, தலையை அடுப்புக்குள் விட்டார்.

"மூலைய விட்டுட்ட பாரு. மூலையத்தான் பாப்பானுங்க. உங்கம்மாவா இருந்தா பல்குச்சி வச்சு எடுத்திருப்பா."

"அப்பா."

"டார்ச் எடு."

"அப்பா, கொரியா இல்ல."

உள்ளே பிளேடின் சத்தம் நின்றது. தலை வெளியே வரவில்லை.

"ஆர்டர மாத்திட்டாங்களா?"

"ஆர்டரே வரலப்பா. கான்ட்ராக்ட் வந்தா வேலைன்னு சொன்னான். நான் வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்."

கர்ட் மெல்ல வெளியே வந்தார். நெற்றியில் கரி. அடுப்புக் கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"பனாமா" என்றார்.

"என்னது?"

"நீ உங்கம்மா வயித்துல இருந்தப்ப எனக்குப் பனாமாவுக்கு ஆர்டர் வந்துச்சு. கையெழுத்தாகி, முத்திரை குத்தி, கைக்கு வந்த ஆர்டர். எல்லாத்தையும் கட்டியாச்சு. ரத்து பண்ணிட்டானுங்க. உங்கம்மா ஒரு பெட்டியக்கூடப் பிரிக்கல. பெட்டிங்களுக்கு நடுவுலயே சமைச்சோம், தின்னோம், தூங்கினோம். ஒரு வார்த்த பேசல அவ."

"அப்புறம்?"

"அப்புறம் ஜெர்மனி வந்துச்சு."

ரோ டார்ச்சை அணைத்தாள். "எனக்கு யாருப்பா ஜெர்மனி அனுப்புவா?"

தன் வீட்டுக் கூடத்து சோபாவை விரித்தால் படுக்கையாகும், முதுகுக்கு ஒரு பலகை வைத்துக்கொள்ளலாம் என்றார் கர்ட். நான் வண்டியை விற்கச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். பிறகு மறுபடி அடுப்புக்குள் தலையை விட்டு, அந்த மூலையைச் சுரண்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். எழுவதற்கு ரோ கை கொடுக்க வேண்டியிருந்தது.

அவர் போனபிறகு, கிலீனில் வெயில் இறங்கி பியோங்டேக்கில் காலை விடிந்திருக்கும் நேரத்தில், ரோ காலிக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள். காலி வீட்டில் குரல் எதிரொலித்தது.

"ரோ, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"பொய். வீடு காலியா இருக்குது, சத்தத்துலயே தெரியுது. காலி வீட்டுல எவ சமைப்பா? எந்த நாளு ஃப்ளைட்டு? கீழ்வீட்டு சோங் அம்மா மகன் ஏர்போர்ட்டுக்குக் காரு கொண்டு வரேன்னிருக்கான்."

"அம்மா. ரத்தாயிடுச்சு."

மறுமுனையில் கெண்டி கொதிக்கும் சத்தம் கேட்டது. யாரும் அதை இறக்கவில்லை.

"கையெழுத்தான ஆர்டரா?"

பனாமா என்று சொல்லிவிட்டால் எளிதாகப் போய்விடும்.

"இல்லம்மா. ஆர்டரே வரல. நான்தான் வந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"உங்கப்பன் மக" என்றாள் போக்சூன். அடுப்பை அணைக்கிற சத்தம். "அந்தக் கட்டில கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டானே."

"நீ படுத்துக்கம்மா."

"எனக்குக் கட்டில்ல படுத்தா முதுகு பிடிக்கும். தரைதான் சரி. துணி காயப்போடறேன் அதுமேல."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போகாம? நானே பஸ் பிடிச்சுப் போனேன்."

"நம்பர் தெரிஞ்சுதா?"

"நம்பர் எதுக்கு? கேட்டா சொல்ல ஊர்ல புள்ளைங்களா இல்ல?"

ரொட்டிக்கடைப் பையனை மறுபடி கூப்பிடலாமா என்று ரோ கேட்டாள். அவன் வேறு அறை பிடித்துவிட்டான் என்றாள் போக்சூன். பிறகு, வேறு பேச்சே நடக்காததுபோல, கேட்டாள்:

"ஆணி ஓட்டையெல்லாம் அடைச்சியா?"

"அடைச்சுட்டேன்."

"கதவுக்குப் பின்னாடி பாத்தியா? அங்கதான் எல்லாரும் விடுவாங்க."

"பாக்கறேன்."

"பாத்துட்டு வை. நாளைக்குப் பேசு." வைத்துவிட்டாள்.

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தபோது அதன் பின்னால் சுவரில் ஒரு துளை இருந்தது. மேல்கோட்டு மாட்டின ஆணி விட்டுப்போன துளை. பற்பசைக் குழாயில் மிச்சம் இல்லை. குழாயைச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கி, அந்த ஒன்றுக்கு ஆகிறமட்டும் எடுத்தாள்.

வீட்டுக்காரர் ஓர்வில் டீட்ஸ், முன்னாள் முதல் சார்ஜென்ட். படை வழக்கப்படி எல்லாரும் அவரை டாப் என்றுதான் கூப்பிடுகிறோம். ஓய்வுபெற்று எவ்வளவோ காலமாகியும் வீட்டைத் திரும்ப வாங்கும்போது முகாம் குடியிருப்பை வாங்குகிறமாதிரியே வாங்குவார். காலையில் சட்டைப்பையில் வெள்ளைக் கைக்குட்டையோடு வந்தார். வாசலில் ஒரு வேன் நின்றது, கூரைவரை சாமான். உள்ளே ஹவாய்க் குடும்பம். இறங்க அனுமதி வரும்வரை இறங்கவில்லை. அவர்களும் முறை தெரிந்தவர்கள்.

டாப் கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். ஜன்னல் சட்டத்தின் பள்ளம். அடுப்பின் மூலை. பச்சைச் சுவர் இருந்த இடத்தில் பக்கவாட்டில் நின்று வெளிச்சத்தில் பார்த்தார். பச்சை இல்லை. கடைசியில் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பின்பக்கச் சுவரைக் கட்டைவிரலால் தடவினார். விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"புதினா."

"ஆமா டாப்."

"யாரு சொல்லிக் குடுத்தா, கதவுக்குப் பின்னாடி பாக்கச் சொல்லி?"

"எங்கம்மா."

"கெட்டிக்காரி. எவ்வளவோ வீடு வாங்கிட்டேன், அங்க ஒரு ஓட்டை விடாம எவனும் குடுத்ததில்ல." கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "எப்ப ஃப்ளைட்டு?"

"ஃப்ளைட்டு இல்ல டாப். போகல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வேனைப் பார்த்தார். ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. ஏதாவது பண்ணிருப்பேன்."

"அவங்ககிட்ட ஆர்டர் கைல இருக்கு டாப்" என்றாள் ரோ.

முன்கதவுச் சாவியையும் பின்கதவுச் சாவியையும் வளையத்திலிருந்து கழற்றினாள். அவற்றையும் நேற்றே துடைத்து வைத்திருந்தாள். டாப் கையை நீட்டினார். அவர் உள்ளங்கையில் வைத்தாள்.